விடுதலை ஆனதை யார் போடுவார்கள்?

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், மஞ்சள் பையோடு ஒரு பெரியம்மா வந்து நின்றார். கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் சின்னதாக ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜாமீன் மனு, அஃபிடவிட், ஜாமீன்தாரர் உறுதிமொழி, வாய்தாவுக்கு வர முடியாதவர்களுக்கான மனு என்று 14 வருடமாக இதையேதான் அடித்துக்கொண்டிருக்கிறேன். பைக்குள்ளிருந்து அவர் எடுத்த பிளாஸ்டிக் கவரில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ஓரமெல்லாம் பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு. இன்னொன்று தீர்ப்பு நகல்.

"பாப்பா, இதுல எம்புள்ளையைத் திருடன்னு போட்டிருக்கு. இதுல இல்லேன்னு ஜட்ஜய்யா போட்டிருக்காரு. இதைப் பாத்துட்டு அவங்க திரும்பவும் பேப்பர்ல போடுவாங்களா? அதுக்கு ஒரு மனு எழுதிக் குடு."

எத்தனையோ மனு அடித்திருக்கிறேன், இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. துண்டை வாங்கிப் பார்த்தேன். கொள்ளிடத்தில் மணல் கொள்ளை, கும்பல் கூண்டோடு கைது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படத்தில் இரண்டு மாட்டு வண்டி, நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டு, பின்னால் போலீஸ். கும்பல் என்று சொன்னது அந்த நான்கு பேரைத்தான். அதில் இரண்டு பேர் வண்டிக்காரர்கள், இரண்டு பேர் கூலிக்கு மணல் அள்ளிப் போட வந்தவர்கள். இந்த அம்மாவின் மகன் அள்ளிப் போட வந்தவன், அப்போது அவனுக்கு 22 வயது. 17 நாள் உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்த பிறகு ஒரு மாதம் தினமும் காலை 10 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, அதனால் அந்த நடவு சீசனில் ஒரு நாள்கூட வேலைக்குப் போக முடியவில்லை. அப்புறம் 4 வருடம் வாய்தா. கடைசியில் விடுதலை. இந்தக் கடைசி விஷயம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

"இந்தத் துண்டை ஏன் பெரியம்மா பத்திரமா வெச்சிருக்கீங்க, கிழிச்சுப் போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நான் கிழிச்சா? ஊர்ல எல்லாரும்ல இதை வெச்சிருக்காங்க."

அது உண்மைதான். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் வீட்டுக்காரர் ஒருவர் போனில் இதே படத்தைக் காட்டியிருக்கிறார். தீர்ப்பு வந்து அப்போது 8 மாதம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பேப்பரிலும் டிவியிலும் மேடையிலும் நமக்குக் காட்டப்படுகிற கைதி வேறு, நான் தினமும் பார்க்கிற கைதி வேறு. எனக்கும் முதலில் இது தெரியாது. கடை திறந்த புதிதில், நிபந்தனை ஜாமீனில் வந்த ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வந்தபோது, கைப்பையை நகர்த்தி மேசைக்கு அடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் 2 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, ஒரு எட்டு பின்னால் தள்ளிப் போய் நின்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜாமீனில் வந்தவர் என்பது மட்டும்தான், மீதியெல்லாம் படத்திலும் பேப்பரிலும் பார்த்து நானே நிரப்பிக்கொண்டது.

பேப்பர்காரர்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. தாலுகா நிருபர் ஒருவர் நம் கடைக்குத்தான் ஜெராக்ஸ் எடுக்க வருவார், அவருக்குக் கிடைக்கிற பணமும் தெரியும், படுகிற பாடும் தெரியும். ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் போலீஸ் தரப்பிலிருந்து ஒரு குறிப்பும் ஒரு படமும் வரும். 9 மணிக்குள் அனுப்ப வேண்டும். கைதானவர் தரப்பில் பேச ஆளே இருக்காது, அவர் லாக்கப்பில் இருப்பார், அவர் வீட்டுக்காரர்கள் வக்கீல் தேடி அலைந்துகொண்டிருப்பார்கள். அப்படியே ஏற்றிவிடுவார். அந்தக் குறிப்பில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று இருந்தாலும் தலைப்பில் அத்தனை நீளம் இடம் கொள்ளாது, 'குற்றவாளி' ஆகிவிடும். கோர்ட்டில் நாங்கள் அடிக்கிற தாளில் 1ஆம் எதிரி, 2ஆம் எதிரி என்றுதான் இருக்கும். எதிரி என்றால் வழக்கில் எதிர்த்தரப்பு, அவ்வளவே. குற்றவாளி என்ற சொல் தீர்ப்பு நாளில் நீதிபதி சொன்னால் மட்டுமே வரும். பேப்பரில் கைதான அன்றைக்கு ராத்திரியே வந்துவிடுகிறது.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது வாக்குமூலம். பரபரப்பு வாக்குமூலம், பகீர் வாக்குமூலம், திடுக்கிடும் வாக்குமூலம் என்று வாரத்துக்கு நான்கு நாளாவது படிக்கிறோம். "அவளை எனக்குப் பிடித்திருந்தது, அதனால்..." என்று கைதானவரே நம்மிடம் உட்கார்ந்து கதை சொல்வது போல எழுதியிருப்பார்கள். அதெல்லாம் போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லப்படுவது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அந்த ஆளுக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் வருடத்து சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்லியது. இப்போது வந்திருக்கும் புதுச் சட்டத்தில் அதே விஷயம் 23ஆம் பிரிவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, லாக்கப்பில் ஒரு மனிதன் எதையெல்லாம் ஒத்துக்கொள்வான் என்று. 150 வருடமாக நீதிபதி எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றை நாம் காலை காபியோடு படித்து, நம்பி, தீர்ப்பும் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறோம்.

இதற்கு விதிவிலக்கு வைத்த சட்டம், 1995 வரை இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா. அதில் போலீஸ் அதிகாரி பதிந்த வாக்குமூலமே சாட்சியம். ராஜீவ் காந்தி கொலையில் பேரறிவாளன் மேல் போட்ட வழக்கு அப்படிப் போனதுதான். 1991 ஜூனில் பிடித்தபோது அவருக்கு 19 வயது. வாக்குமூலத்தைப் பதிந்த சிபிஐ அதிகாரியே, ஓய்வு பெற்ற பிறகு, 2013இல், அவர் சொன்னதை முழுமையாகப் பதியவில்லை, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியை விட்டுவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இடையில் 31 வருடம். அந்த 31 வருடமும் ஒவ்வொரு தேர்தலுக்கும் 'எழுவர்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு கட்சி மேடையில் அவர்கள் கொலைகாரர்கள், இன்னொரு மேடையில் தமிழினத்தின் அடையாளம். இரண்டு மேடையிலும் அவர்கள் பேனரில் ஒட்டிய படம், அவ்வளவுதான். மீதி ஆறு பேரும் 2022 நவம்பரில் விடுதலையானபோது, அவர்களில் இலங்கைக்காரர்களான நான்கு பேரை நம் திருச்சி மத்திய சிறை வளாகத்தில் இருக்கிற சிறப்பு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். விடுதலை என்று செய்தி வந்தது, ஆனால் அவர்கள் போன இடத்தில் மறுபடியும் காவல். அதில் ஒருவரான சாந்தன், ஊருக்கு அனுப்ப ஏற்பாடெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே, 2024 பிப்ரவரி 28 அன்று சென்னையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். யாழ்ப்பாணத்தில் அவர் அம்மா காத்திருந்தார். அந்த அம்மாவைப் பற்றி அதற்கு முன் எத்தனை மேடையில் பேசியிருப்பார்கள்?

சரி, மேடைக்கு வருகிறேன். ஆளுங்கட்சி என்றால் தமிழ்நாடு அமைதிப் பூங்கா, எதிர்க்கட்சி என்றால் சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது. கட்சி மாறினால் வசனம் மட்டும் கை மாறும். இரண்டு பேருக்கும் பொதுவான வசனம், சமூக விரோதிகளை இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம் என்பது. போலீஸ் மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் வரும்போது, குண்டாஸில் இத்தனை பேரைப் போட்டோம் என்ற எண்ணிக்கை சாதனையாகச் சொல்லப்படுகிறது, இவ்வளவு நெல் கொள்முதல் செய்தோம் என்று சொல்வது மாதிரி. குண்டாஸ் என்பது 1982ஆம் வருடத்துச் சட்டம். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம், போதைப் பொருள் என்று ஆரம்பித்து, அப்புறம் திருட்டு வீடியோ, மணல் கடத்தல் வரை அதில் ஏற்றிவிட்டார்கள். கலெக்டரோ கமிஷனரோ போடுகிற உத்தரவு அது, கோர்ட் தண்டனை கிடையாது. பேப்பரில் 'குண்டர் சட்டத்தில் கைது' என்று வந்ததும் படிக்கிறவர் மனதில் அவன் குண்டன் என்று முடிவாகிவிடுகிறது. சட்டத்தின் பெயரே தீர்ப்பாகி நிற்கிறது.

ஏன் எல்லாக் கட்சியும் இதை இவ்வளவு தைரியமாகப் பேசுகிறது என்று ஒருநாள் எங்கள் வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். "ஓட்டு இல்லம்மா அவங்களுக்கு" என்றார். சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, 1951ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, இன்னும் விசாரணையே தொடங்காத ஆளுக்கும் இதேதான். தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு. ஆனால் உள்ளே இருந்தபடியே தேர்தலில் நிற்கலாம், 2024இல் இரண்டு பேர் அப்படி நின்று ஜெயித்து எம்பி ஆனார்கள். நிற்கலாம், ஓட்டுப் போடக் கூடாது. யாருக்காக எழுதிய சட்டம் என்று பாருங்கள். ஓட்டில்லாதவனைப் பற்றி எதைச் சொன்னாலும் ஒரு ஓட்டும் குறையாது.

அவர்களே உள்ளே போனால் மட்டும் வேறு அகராதி வந்துவிடும். எமர்ஜென்சியில் மிசா சட்டத்தில் உள்ளே இருந்ததை இன்றுவரை தியாகம் என்று சுவரில் எழுதுகிறார்கள், அது நியாயம், அது அரசியல் சிறை. 2014இல் ஜெயலலிதாவுக்கு பெங்களூருவில் தண்டனை விழுந்தபோது நம் டெல்டாவில் பால்குடம் எடுத்தார்கள், மொட்டை போட்டார்கள், 'மக்களின் முதல்வர்' என்று போஸ்டர் ஒட்டினார்கள். நான்கு வருடத் தண்டனை முடித்து 2021 பிப்ரவரியில் சசிகலா வந்தபோது, பெங்களூருவிலிருந்து சென்னை வரும் வழியெல்லாம் டிவி சேனல்கள் காருக்குப் பின்னாலேயே ஓடி நேரலை காட்டின. செந்தில் பாலாஜி 471 நாள் கழித்து 2024 செப்டம்பரில் ஜாமீனில் வந்தார், அதைத் தியாகம் என்று அன்றைய முதலமைச்சர் ஸ்டாலினே எழுதினார், மூன்றாம் நாள் மந்திரி. இந்த மூன்று பேர் விஷயத்திலும் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்பது என் பேச்சு இல்லை. ஜாமீனில் வந்தவரை மனிதராகப் பார்க்க முடியும், வீட்டுக்காரர்கள் அழுததைக் காட்ட முடியும், தீர்ப்பு வரவில்லை என்பதை ஞாபகப்படுத்த முடியும் என்று நம் கட்சிகளுக்கும் சேனல்களுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்தப் பார்வையை மணல் அள்ளப் போன 22 வயதுப் பையனுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதில் மன்னார்குடிக்காரர்களின் வருத்தம் ஒன்று உண்டு. என் தோழி ஒருத்தி அந்த ஊர். வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஒரு மாதிரி சிரிப்பார்களாம், மாஃபியா என்பார்களாம். சசிகலாவின் குடும்பத்தைச் சொல்ல ஒரு ஊரையே பயன்படுத்தினால் அந்த ஊரில் பிறந்தவளெல்லாம் சுமக்க வேண்டியிருக்கிறது.

கணக்கு ஒன்று சொல்கிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022 முடிவில் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 76 பேர் மேல் அப்போது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இத்தனை பேரையும் வைத்திருந்த இடம் 4,36,266 பேருக்கானது. 'கைதி' என்றதும் நம் கண்ணில் வருகிற உருவம், சீருடையும் நம்பரும் போட்ட தண்டனைக் கைதி. விசாரணைக் கைதிகளுக்கு அந்தச் சீருடையே கிடையாது. கட்டியிருந்த கைலியோடும் சட்டையோடும் போனவர்கள், அதோடுதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் உள்ளே இருப்பது குற்றத்தின் கனத்தால்கூட இல்லை. ஜாமீன் கிடைத்திருக்கும், இரண்டு நபர் ஜாமீன் கேட்டிருப்பார்கள், வீட்டு வரி ரசீது உள்ள ஆள் கிடைத்திருக்க மாட்டார். மனைக்கட்டில் குடியிருக்கிற கூலிக்காரனுக்கு வீட்டு வரி ரசீது உள்ள சொந்தக்காரன் எங்கிருந்து வருவான்? ஜாமீன் உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஜாமீன்தாரருக்காகத் தெருத்தெருவாக அலைகிற மனைவிமார்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். இப்படி ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தனியாக வழிமுறையே போட்டது. ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு, தொடக்கத்தில் 40,000 ரூபாய் வரை, அரசே கட்டுகிற திட்டமும் அதே வருடம் வந்தது. என் கடைக்கு வந்தவர்களில் அதைக் கேள்விப்பட்டிருந்த ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. பரபரப்பு வாக்குமூலத்துக்குக் கிடைக்கிற அரைப் பக்கத்தில் ஒரு மூலை இதற்குக் கிடைத்திருந்தால்?

தர்ம அடி என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். "பொதுமக்கள் பிடித்து தர்ம அடி கொடுத்து போலீசில் ஒப்படைத்தனர்." சின்ன வயதிலிருந்து படித்துப் பழகியதால் அதில் எதுவும் தோன்றுவதில்லை. பத்து பேர் சேர்ந்து ஒருவனை அடிப்பதற்குப் பெயர் தர்மம். அதேபோல மாவுக்கட்டு. கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று செய்தி வரும், கட்டோடு படம் வரும், கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு. போலீஸ் ஸ்டேஷன் கழிப்பறையில் எதிரிகள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. நாம் யாரும் கேட்கவில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் கடைக்காரர்களான அப்பாவும் மகனும் போலீஸ் பிடித்துப்போன பின் காவலில் செத்த பிறகு ஊரே கொதித்தது, எங்கள் தெருவிலும் கடையடைப்பு. அந்த வாரம் போனபின், மாவுக்கட்டு மீம்ஸ் திரும்ப ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் என்பதால் அவர்கள் நம்மைப் போல் இருந்தார்கள், மற்றவர்கள் நம்மைப் போல் இல்லை என்று நினைக்கிறோமோ என்னவோ.

நம்மைப் போல் இருக்கிறவன் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை என் அத்தையிடம் பார்த்தேன். அத்தை வாக்கப்பட்டது கதிராமங்கலம். ஜெயிலுக்குப் போனவன் வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாது என்று அடித்துப் பேசுகிற ஆள். 2017 ஜூன் 30 அன்று அங்கே ஓஎன்ஜிசி எண்ணெய்க் குழாயில் கசிவு வந்து, ஜனங்கள் உட்கார்ந்து போராடி, தடியடி நடந்து, பேராசிரியர் ஜெயராமன் உட்படப் பத்துப் பேரைக் கொண்டுபோய்த் திருச்சி ஜெயிலில் வைத்தார்கள். ஆகஸ்ட் வரை உள்ளே இருந்தார்கள். தூண்டிவிடப்பட்டவர்கள், வெளியாட்கள் என்றெல்லாம் அப்போது பேச்சு. அத்தை டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பொய் சொல்றானுவொ பாரு, நா பக்கத்துல நின்னு பாத்தேன், அப்புடி நடக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தையின் 60 வருட வாழ்க்கையில், டிவிக்காரன் பொய் சொல்கிறான் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதே ஜூலையில், கதிராமங்கலத்துக்கும் நெடுவாசலுக்கும் ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி வளர்மதியை குண்டாஸில் போட்டார்கள். சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் அந்த நடவடிக்கை சரி என்று பேசினார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அத்தை இப்போதும் பெண் எடுக்கிற பேச்சில் பழைய கட்சிதான், ஆனால் "எதுக்கு உள்ள போனான்னு கேட்டுக்கணும்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்ந்திருக்கிறது.

டெல்டாவில் பிறந்து இதைப் பேசும்போது வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் கோர்ட் மிராசுதாரர்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. காரும் நிலபுலனுமாக இருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. இதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. குற்றவாளி என்றால் எப்படி இருப்பான், எந்தத் துணி உடுத்தியிருப்பான், எதில் வருவான் என்ற ஒரு படம் தீர்ப்பு எழுதிய கைக்குள்ளும் இருந்திருக்கிறது. அதே படம்தான் இன்றைக்கும். மணல் கேஸில் மாட்டு வண்டிக்காரன் படம் வரும், லாரிக்காரன் முதலாளி படம் வந்து நான் பார்த்ததில்லை. காரைக்காலிலிருந்து சாராய பாட்டில் கொண்டுவந்த பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிற படம் வரும், பின்னால் பாட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவளுக்கு அதைக் கொடுத்து அனுப்பியவன் யார் என்று அடுத்த நாள் பேப்பரிலும் இருக்காது.

நீ கைதிக்கு மட்டும் பரிந்து பேசுகிறாய், செத்தவன் வீட்டை நினைத்தாயா என்று கேட்பீர்கள். நினைத்திருக்கிறேன். புகார் மனுவும் என் கடையில்தான் அடிக்கிறார்கள். சின்னப் பிள்ளையைக் கெடுத்தவன் மேல் கொடுத்த புகாரை அடித்தபோது விரல் நடுங்கி, பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். தப்பு செய்தவனுக்குத் தண்டனை வேண்டும், முழுசாக வேண்டும். அதற்காகத்தான் சரியான ஆளைப் பிடித்தார்களா என்று பார்க்கச் சொல்கிறேன். 2017இல் டெல்லி பக்கம் குருகிராமில் பள்ளிக்கூடத்தில் 7 வயதுப் பையன் கொல்லப்பட்டபோது, அன்றைக்கே பஸ் கண்டக்டரைப் பிடித்தார்கள், அவர் ஒத்துக்கொண்டார் என்றார்கள், சேனல்கள் எல்லாம் அவரைக் கொடூரன் ஆக்கின. இரண்டு மாதத்தில் சிபிஐ வந்து, அவர் செய்யவில்லை என்று வேறு ஒருவரைக் கைது செய்தது. கண்டக்டரை மறுவருடம் வழக்கிலிருந்தே விடுவித்தார்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில், ஒரு பெண் டாக்டரைக் கெடுத்துக் கொன்றதாகப் பிடித்த நான்கு பேரை என்கவுன்டரில் சுட்டபோது போலீஸ் மேல் பூப் போட்டார்கள், எங்கள் கடை வாசலில்கூட லட்டு கொடுத்தார்கள், நானும் ஒன்று வாங்கித் தின்றேன். உச்ச நீதிமன்றம் போட்ட கமிஷன் 2022இல் அது திட்டமிட்டுச் சுட்டது என்றது, நான்கு பேரில் மூன்று பேர் 18 வயது ஆகாதவர்கள் என்றது. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கோர்ட்டில் தெரிந்திருக்க வேண்டியது இனி எப்போதும் தெரியாது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் இது செய்த துரோகம்தான்.

பத்திரிகை நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் ஆள் இருக்கிறார்கள். சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர், சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதை ஊர் ஊராக விசாரித்து எழுதினார். எழுதியதோடு விடாமல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 2024 அக்டோபர் 3 அன்று, சாதி பார்த்துக் கூட்டுவதையும் சமைப்பதையும் பிரித்துக் கொடுக்கிற சிறை விதிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு நிருபர் சிறைக்குள் இருப்பவனிடம் "உனக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டதில் ஆரம்பித்தது.

அந்தப் பெரியம்மாவுக்கு மனு அடித்துக் கொடுத்தேன். பெறுநர், ஆசிரியர் அவர்கள். பொருள், தங்கள் நாளிதழில் வெளியான செய்தியின் தொடர்ச்சியாக. தேதி, பக்கம், வழக்கு எண், தீர்ப்பு நாள் எல்லாம் போட்டு, நகல் வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். தாலுகா நிருபரிடமும் காட்டினேன். அவர் இரண்டு தாளையும் நின்று முழுசாகப் படித்தார். "அக்கா, விடுதலைன்னா செய்தி எடுக்க மாட்டாங்கக்கா. நான் அனுப்பிப் பாக்குறேன்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. செய்தி வரவில்லை.

மூன்று வாரம் பெரியம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து "வந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். நான்காவது வாரம் கேட்கவில்லை. தீர்ப்பு நகலை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "எங்க இருக்கு அந்த வரி?" என்றார். காட்டினேன். எதிரி குற்றவாளி இல்லை எனத் தீர்மானித்து விடுதலை செய்யப்படுகிறார். விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், இந்தப் பக்கத்தை மட்டும் 25 காப்பி போடச் சொன்னார். அந்த வரி பெரிதாகத் தெரிகிற மாதிரி கேட்டார், அதை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்.

டீக்கடை இரண்டு, ரேஷன் கடை, பால் சொசைட்டி, பெண் பார்த்த வீடு, அவர்கள் தெரு முனையில் இருக்கிற சைக்கிள் கடை என்று ஒவ்வொரு இடமாக அவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். டீக்கடைக்காரர் பேப்பர் மாட்டுகிற கம்பியிலேயே அதையும் மாட்டியிருக்கிறாராம். என் கடைக் கண்ணாடியில் ஒன்று ஒட்டியிருக்கிறேன். ஜெராக்ஸுக்கு நிற்கிறவர்கள் படிக்கிறார்கள். சிலர் யார் இது என்று கேட்கிறார்கள், சொல்கிறேன்.